‘ஏரே’ யாருடைய விகுதி? ஸ்காண்டிநேவிய வினைகள்: கேள்வி பதில்

கேள்வி: படித்தலைக் குறிக்கும் நோர்வேஜிய ‘ஸ்டுடேரே’ லத்தீனிலும் அதே எழுத்துகளோடு இருக்கிறது. ஆகவே விகுதியும் லத்தீன்தானே?

பதில்: வேர் லத்தீன், விகுதி அன்று. பழைய பிரெஞ்சு வினைகளின் ‘எர்’, ‘இயெர்’ ஈறுகளை ஜெர்மானியர் தம் ‘என்’ ஈற்றோடு சேர்த்து ‘ஈரென்’ ஆக்கினர். ஹன்சா என்ற இடைக்கால வணிகக் கூட்டமைப்பின் வணிகர்கள் பேசிய கீழ்ஜெர்மன், அதாவது வடஜெர்மனி மொழி, வழியாக அது நோர்வேயின் பெர்கனுக்கும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமுக்கும் வந்து, டேனிஷிலும் நோர்வேஜியத்திலும் ‘ஏரே’ என்றும், ஸ்வீடிஷில் ‘ஏரா’ என்றும் நிலைத்தது. சொல்லி எழுதவைத்தலைக் குறிக்கும் லத்தீன் ‘டிக்தாரே’ நோர்வேஜியத்தில் ‘டிக்டேரே’ ஆகிறது; நேரே வந்திருந்தால் அந்த ‘ஆ’ எங்கே போயிற்று? பாதி என்ற ஜெர்மானியச் சொல்லோடும் இந்த விகுதி சேர்ந்து, ஸ்வீடிஷில் ‘ஹல்வேரா’, அதாவது பாதியாக்கு, என்று வழங்குகிறது.

கேள்வி: இறந்தகாலம் எப்படி அமையும்?

பதில்: ஸ்வீடிஷில் ‘ஸ்டுடேரடே’, டேனிஷில் ‘ஸ்டுடேரெடே’ என எழுதுவர், இரண்டிலும் ரகரத்துக்கும் காலம் காட்டும் ஈற்றுக்கும் இடையே ஓர் உயிர் உண்டு. நோர்வேஜியத்திலோ ஈறு ரகரத்தோடு ஒட்டி ‘ஸ்டுடேர்ட்டே’ ஆகும். ஸ்வீடியர் பேச்சில் கடைசி ‘டே’யை விழுங்கிவிடுவர், எழுத்தில் நீங்கள் அதை விட்டுவிடாதீர்கள். எந்த நாட்டுச் சொல்லாயினும் அழுத்தம் ‘ஏ’யின் மீதே விழும். முதலசையை அழுத்திப் படிக்கும் பழக்கத்தை இன்றே கைவிடுங்கள்.

கேள்வி: ‘டிக்டேரே’யை விடுங்கள். ஆளுதலைக் குறிக்கும் ‘ரெயேரே’ லத்தீன் ‘ரெகெரே’யின் நகல்தானே?

பதில்: உங்கள் வாதத்தை முறிப்பதே அந்தச் சொல்தான். லத்தீனில் அழுத்தம் முதலசையில், நடு எகரம் குறில். நோர்வேஜியத்தில் அழுத்தம் இரண்டாம் அசையில், அதுவும் நெடில். ஜெர்மன் ‘ரெகீரென்’ அழுத்தம் பெறுவதும் அதே இடத்தில்தான். மேலே சொன்னதை மீண்டும் சொல்கிறேன்: அழுத்தத்தைப் பாருங்கள்.

கேள்வி: எழுதுதலைக் குறிக்கும் ஸ்வீடிஷ் ‘ஸ்க்ரீவா’வும் லத்தீன் என்கிறார்கள். ‘ஏரா’ எங்கே?

பதில்: அருமையான கேள்வி. ‘ஸ்க்ரீபெரே’ என்ற லத்தீன் சொல், பிரெஞ்சு விகுதி வருவதற்கு வெகு முன்பே ஸ்காண்டிநேவிய மொழிகளும் அடங்கிய ஜெர்மானிய மொழிகளுக்குள் வந்து, நாட்டுச் சொல்லாகவே வளர்ந்துவிட்டது. ஆகவே கடித்தலைக் குறிக்கும் ‘பீதா, பேத்’ போல, அதுவும் ‘ஸ்க்ரீவா, ஸ்க்ரேவ்’ என உள்ளுயிரை மாற்றி இறந்தகாலம் காட்டுகிறது. ஐஸ்லாந்தில் அதே சொல் ‘ஸ்க்ரிஃபா’. அங்கே உயிர் மாறுவதில்லை, ஈறுதான் சேர்கிறது.

கேள்வி: அறுவை செய்தலைக் குறிக்கும் ‘ஒபெரேரே’யின் விகுதி லத்தீனா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பின்னிஷ் மொழியிலும் இப்படித்தானா?

பதில்: பின்னிஷ் ஸ்காண்டிநேவிய மொழி அன்று, யூராலியம் என்ற வேறு குடும்பத்தைச் சேர்ந்தது; அம்மொழிகளை அறிந்தவரிடம் கேளுங்கள்.