வேம்பை மொட்டையடிக்கலாமா?

கேள்வி: தில்லி ஜனக்புரியில் இருக்கிறோம். பின்கட்டுத் தோட்டத்து வேம்புக்கு 30 வயதாகிறது. ஒரு பெரிய கிளை பக்கத்து வீட்டு மாடிக்கு மேல் போய்விட்டது. உதிர்கிற இலையெல்லாம் அவர்கள் தண்ணீர்த் தொட்டியில் விழுகிறது, தினமும் சண்டை. "பாதி உயரத்துக்கு இறக்கிவிடுகிறேன், கிளை வெட்ட அனுமதியெல்லாம் தேவையில்லை" என்கிறார் மாலி (தோட்டக்காரர்). செய்யலாமா?

பதில்: வேண்டாம். முதலில் மாலியை நிறுத்துங்கள்.

1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வெட்டுதல்' என்பது மரத்தை அடியோடு சாய்ப்பது மட்டுமல்ல. கிளை கழிப்பது, தலையைத் தறிப்பது, பட்டையை வளையமாக உரிப்பது, மருந்து ஊற்றிச் சாகடிப்பது எல்லாமே அதில் அடக்கம். சொந்த வீட்டு மரம் என்பதால் சலுகை கிடையாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

மாலி பொய் சொல்லவில்லை, பழைய கதையைச் சொல்கிறார். 15.7 செ.மீ. சுற்றளவு வரையுள்ள கிளைகளை அனுமதியில்லாமல் கழிக்கலாம் என்று ஒரு வழிகாட்டுதல் இருந்தது. 2023 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுக்களில் மட்டும் அது இன்னும் உயிரோடிருக்கிறது!

விண்ணப்பம் போகவேண்டிய இடம் வனத்துறையின் மர அதிகாரி. மாநகராட்சித் தோட்டக்கலைப் பிரிவில் போய் நின்று பொழுதைக் கழிப்பவர்கள் நிறைய. வீட்டு உரிமைப் பத்திரத்தோடு நாலு பக்கத்திலிருந்தும் எடுத்த படங்களை வையுங்கள். எந்தக் கிளை, எந்த இடத்தில் என்று படத்திலேயே கோடு போடுங்கள். 'மரத்தைக் குறைக்க வேண்டும்' என்று மொட்டையாக எழுதினால் கேள்விதான் திரும்பி வரும். முடிவெடுக்கச் சட்டம் 60 நாள் தருகிறது. வேம்பு துளிர்ப்பதற்கு முன், ஜனவரி கடைசியில் கவாத்து செய்வது நல்லது. ஆக நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் தன் பக்கம் நீட்டியதைத் தானாக வெட்ட முடியாது, அதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.

ஆந்தி (புழுதிப் புயல்) அடித்துக் கிளை முறிந்து தொங்குகிறது, யார் தலையிலாவது விழும் என்றால் காத்திருக்க வேண்டாம். படம் எடுத்துவிட்டு அப்புறப்படுத்தி, 24 மணி நேரத்துக்குள் மர அதிகாரிக்குத் தெரிவியுங்கள்.

பாதி உயரத்துக்கு இறக்குவதை, அனுமதி கிடைத்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மொட்டையடித்த வேம்பு வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகக் கிளை விடும். இரண்டே வருடத்தில் இலை முன்னைவிட அடர்த்தி, கிளைக்குப் பிடிப்போ குறைவு. அடுத்த காற்றில் அதுதான் முதலில் முறியும். தொல்லை தரும் அந்த ஒரு கிளையை மட்டும் எடுங்கள். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் பட்டை கிழியாமல் கிளை விழும். மிச்சக் கட்டையை, கிளை தண்டோடு சேருமிடத்துத் தடிப்பை விட்டுவிட்டு நறுக்குங்கள். அந்தத் தடிப்புதான் காயத்தை மூடும். தார் பூசாதீர்கள். கூடு இருக்கிறதா என்று ஏறும் முன் பாருங்கள்.

தண்ணீர்த் தொட்டிக்கு ஏன் இத்தனை நாளாக மூடி இல்லை என்று தெரியவில்லை. அனுமதி வரும் வரை உங்கள் செலவிலேயே ஒன்று வாங்கிக் கொடுங்கள், சண்டை பாதியாகக் குறையும்.