ஸ்கேன் நார்மல், ஆனால் மாதவிடாய் வலி தாங்கவில்லை: பதில்

ஸ்கேன் நார்மல், ஆனால் மாதவிடாய் வலி தாங்கவில்லை, இது எண்டோமெட்ரியோசிஸாக (கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்கேன் நார்மல் என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது. சாதாரண அல்ட்ராசவுண்டில் சினைப்பையின் சாக்லேட் கட்டி (இந்த நோயால் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) தெரியும்; வயிற்றின் உள்சவ்வில் சில மில்லிமீட்டர் அளவில் படர்ந்த புள்ளிகள் பெரும்பாலும் தெரியாது.

மாதவிடாய் நாட்களில் மட்டும் மலம் கழிக்கும்போது குத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முக்கியமான தடயம். கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே நோய் ஆழமாக ஊன்றியிருக்கலாம். அந்த இடத்தைச் சொல்லி, இந்த நோயில் அனுபவமுள்ளவரிடம் யோனிவழி ஸ்கேனோ எம்ஆர்ஐயோ கேளுங்கள். சிஏ-125 ரத்தப் பரிசோதனையை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

அதுவரை இரண்டு மூன்று மாதவிடாய்க்குக் குறித்து வையுங்கள்: தேதி, 0 முதல் 10 வரை வலி, மலம், சிறுநீர், உறவின்போது வலி உண்டா, என்ன மாத்திரை, எத்தனை மணி நேரம் கேட்டது.

லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்ப்பது) முடிந்தால்தான் சிகிச்சை என்றில்லை. இப்போதைக்குக் குழந்தைத் திட்டம் இல்லையென்றால், டையனோஜெஸ்ட் தினம் 2 மி.கி. போன்ற ஹார்மோன் மருந்தை மருத்துவர் முதலிலேயே தொடங்கலாம். ஆரம்ப மாதங்களில் திட்டுத்திட்டாக ரத்தம் படலாம். பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் பேசுங்கள். கருத்தடைக்கு அதை மட்டும் நம்பக் கூடாது.

திடீரென ஒரு பக்கம் கடும் வலி, மயக்கம், காய்ச்சல், அல்லது நாள் தள்ளிப்போய் வலி என்றால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.