தலையாட்டினா ஆமாவா இல்லையா? ஜெர்மன் பாஸ்கிட்ட மாட்டிக்கிட்ட தங்கச்சிக்கு

கேள்வி: அக்கா, நான் பினாங்கு பயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரில குவாலிட்டி எஞ்சினியர், சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. பாஸ் ஜெர்மன்காரர், வாரா வாரம் வீடியோ கால்லதான் மீட்டிங். இந்த தடவ அப்பிரைசல்ல "தெளிவா பதில் சொல்றதில்ல, கண்ணப் பார்த்து பேசறதில்ல"ன்னு எழுதிட்டார். நான் எல்லாத்துக்கும் ஆமான்னுதான் தலையாட்டினேன்! இன்னொன்னு, நான் திமிரு பிடிச்சவன்னு லைன்ல வேலை செய்யற ஒரு மாக்சிக் (வயசுல பெரிய மலாய் அம்மா) சொல்றாங்களாம், அவங்க முன்னாடி இடுப்புல கை வச்சு நின்னேனாம். கம்பெனி ட்ரெயினிங்ல வேற, பேச்சுல 93 சதவீதம் பாடி லேங்குவேஜ்தான்னு சொன்னாங்க. அப்ப என் பழக்கத்தையே மாத்திக்கணுமா?

பதில்: மாத்த வேணாம்மா. தலையாட்டறத நிறுத்தணும்னு நெனச்சாலும் உன்னால முடியாது, நானே இருபது வருஷமா கோலாலம்பூர்ல இதே வேலையா ட்ரெயினிங் குடுக்கறேன், இன்னும் போன்ல பேசும்போதுகூட தலை தானா ஆடுது, யாரு பார்க்கறா!

மொதல்ல அந்த 93அ தூக்கி போடு. 1967ல ஆல்பர்ட் மெஹ்ராபியன்னு ஒரு சைக்காலஜி ப்ரொபசர் ரெண்டு ஆராய்ச்சி பண்ணார், "மேபீ" மாதிரி ஒத்த வார்த்தைய வேற வேற குரல்ல சொல்லி கேக்க வச்சு, கூடவே முகம் இருக்கற போட்டோவ காட்டி, இந்தாளுக்கு எதிர்ல இருக்கறவர பிடிக்குதா பிடிக்கலயான்னு கேட்டார். அதுல வந்த கணக்குதான் வார்த்தைக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55, கடைசி ரெண்டையும் கூட்டினா உன் 93. பிடிக்குதா பிடிக்கலயாங்கற விஷயத்துக்கு மட்டும்தான் அது பொருந்தும்னு அவரே சொல்லியிருக்கார், ஆனா ட்ரெயினர்ங்க விடமாட்டேங்கறாங்க (என் தொழில்காரங்களதான் சொல்றேன்). பார்ட்ஸ் எப்ப ரெடியாகும்னு பாஸ் கேட்டா அதுக்கு பதில் முகத்துல இல்ல, "வெள்ளிக்கிழம"ங்கற வார்த்தைலதான் இருக்கு.

இப்ப உன் தலைக்கு வருவோம். கண்ணாடி முன்னாடி நின்னு பாரு. "இல்ல"ன்னு சொல்லும்போது முகவாய் ஒரு தோள்ல இருந்து இன்னொரு தோளுக்கு திரும்பும், மூக்கும் கூடவே திரும்பும். "ஆமா"ன்னு ஆட்டும்போது மூக்கு நேரா இருக்கும், காது மட்டும் தோள் பக்கமா சாயும். நமக்கு இது ரெண்டும் ராத்திரி பகல் மாதிரி வித்தியாசம், அதுலயே வேகமா ஆட்டினா "சரி சரி புரியுது", மெதுவா உதட்ட சுழிச்சுகிட்டு ஆட்டினா "பார்க்கலாம், ஆனா கஷ்டம்தான்", இதெல்லாம் யாரும் சொல்லிக்குடுக்காமயே நமக்கு தெரியும். ஆனா ஜெர்மன்காரருக்கு தெரிஞ்சது ரெண்டே அசைவுதான், மேல கீழ போனா ஆமா, பக்கவாட்டுல போனா இல்ல. அதுவும் லேப்டாப்ல தீப்பெட்டி சைஸுக்கு உன் முகம், லைன் வேற விட்டு விட்டு வருது, அதுல நீ சாய்ச்சதும் அவருக்கு திருப்பின மாதிரிதான் தெரியும். ஆக நீ ஆமாங்கற, அவர் இல்லன்னு எடுத்துக்கறார், அப்புறம் வெள்ளிக்கிழம நீ கரெக்டா முடிச்சு அனுப்பினா அதுவும் அவருக்கு குழப்பமாதான் இருக்கும். மனசு ஆறுதலுக்கு ஒன்னு சொல்றேன், பல்கேரியால பக்கவாட்டுல ஆட்டினாதான் ஆமா, தலைய மேல கீழ அசைச்சா இல்ல. அவங்க எவ்ளோ பாடு படுவாங்க பாரு.

அப்புறம் அந்த "ப்ச்". நீ கேக்கல, ஆனா உன்கிட்டயும் கண்டிப்பா இருக்கும். "டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சா?"ன்னா நாம நாக்க தட்டி "ப்ச்"ங்கறோம், இன்னும் வரலன்னு அர்த்தம், அவ்ளோதான். துருக்கி, கிரீஸ்ல கூட அப்படித்தான். ஆனா ஜெர்மன்காரர் காதுக்கு அது சலிப்பு, மலாய்க்காரங்க சீனர்ங்க காதுக்கும் கிட்டத்தட்ட அதே. மைக்ல வேற அது மட்டும் தெளிவா கேக்கும்!

அதனால தலை ஆடட்டும், ஆனா கூடவே வாய் தொறக்கணும். "யெஸ், ஃப்ரைடே"ன்னு ரெண்டு வார்த்த. முடியாதுன்னா "நோ, மண்டே"ன்னு சொல்லு, ஜெர்மன்காரங்க நேரா "நோ"ன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டாங்க, இழுத்தாதான் கடுப்பாவாங்க. கண்ண பத்தி சொன்னதும் அப்படித்தான். வீட்ல "பெரியவங்க பேசும்போது என்ன மொறைக்கற"ன்னு கேட்டு கேட்டு வளர்ந்தவங்க நாம, பாஸ் பேசினா கண்ணு தானா நோட்புக்குக்கு போகும், அங்க மரியாதைக்கு குனிஞ்சது அவருக்கு எதையோ மறைக்கற மாதிரி தெரியுது. முழு மீட்டிங்கும் மொறைச்சு பார்க்க வேணாம், தேதி சொல்ற அந்த ரெண்டு செகண்ட் மட்டும் கேமராவ பாரு. ஸ்க்ரீன்ல அவர் முகத்த இல்ல, மேல இருக்கற அந்த ஓட்டைய.

எதிர்ல இருக்கறவர் தலையும் பொய் சொல்லும். நான் தொழில் ஆரம்பிச்ச புதுசுல ஒரு ஜப்பான் கஸ்டமர்கிட்ட கொட்டேஷன் காட்டினேன், அவர் வரிக்கு வரி "ஹாய், ஹாய்"ன்னு (ஜப்பான் மொழில "ஆமா") தலையாட்டினார், நானும் வேலை கெடச்சிருச்சுன்னு அன்னிக்கு ராத்திரியே வீட்ல எல்லாருக்கும் மாமாக் கடைல (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) வாங்கிக் குடுத்துட்டேன். அவர் ஆட்டினது "கேட்டுகிட்டு இருக்கேன், மேல சொல்லு"ன்னு மட்டும்தான். விலைய பார்த்ததும் பல்லுக்கு நடுவுல "ஸ்ஸ்"னு மூச்ச இழுத்தார், அதுதான் நெஜமான பதில், எனக்குதான் அப்ப தெரியல. பயான் லெப்பாஸ்ல 1972ல ஃப்ரீ ட்ரேட் ஸோன் வந்ததுல இருந்து அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான்னு எல்லா ஊர் பாஸும் வந்து போறாங்க, என்ன மாதிரி ஏமாந்தவங்க லிஸ்ட் நீளமா இருக்கும்.

மாக்சிக் விஷயம்தான் எனக்கு அப்பிரைசல விட பெருசா படுது. உனக்கு எட்டு மணி நேரம் நின்ன இடுப்பு வலி, கைய வச்ச. மலாய்ல அதுக்கு பேரே இருக்கு, பெர்செகாக் பிங்காங், கோவமா அதிகாரம் பண்றவங்க நிக்கற நிலை. அதுவும் வயசுல பெரியவங்க முன்னாடி, நீ எஞ்சினியர் அவங்க ஆப்பரேட்டர்னு இருக்கறப்ப! நீ ஏதாச்சும் காட்டும்போது ஆள்காட்டி விரல நீட்டினியான்னும் யோசிச்சு பாரு, அங்க வலது கைய மடக்கி கட்டைவிரலாலதான் காட்டணும். அவங்க உட்கார்ந்திருந்து நீ முன்னாடி கடந்து போறப்ப வலது கைய கொஞ்சம் கீழ நீட்டி லேசா குனிஞ்சு போ, இதுல நமக்கு ஒன்னும் புதுசு இல்ல, கோயில்ல பெரியவங்கள கடக்கும்போது நாமளும் கிட்டத்தட்ட இப்படித்தான் போவோம்.

மன்னிப்ப மெயில்ல, வாட்சாப்ல எல்லாம் அனுப்பாத. நாளைக்கு ரெஸ்ட் டைம்ல நேரா போய் ரெண்டு கையாலயும் சலாம் குடுத்து, கைய நெஞ்சுல வச்சு, "மாஆஃப் மாக்சிக், பெனாட் பெர்டிரி"ன்னு சொல்லு, நின்னு நின்னு களைச்சுட்டேன்னு. சிரிச்சிருவாங்க, கூட குவே (மலாய் பலகாரம்) ஒன்னு எடுத்து நீட்டுவாங்க. இடது கைல வாங்கிடாத.

பாஸுக்கு, அப்பிரைசல் பாரத்துல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி உன் கருத்துன்னு ஒரு கட்டம் இருந்தா காலியா விடாத. "நான் தலைய பக்கமா சாய்ச்சா அது ஆமா. இனி வாயாலயும் சொல்றேன், மீட்டிங் முடிஞ்சதும் தேதிய ஒரு வரி மெயில்ல போடறேன்"னு எழுதிட்டு கையெழுத்து போடு.