வீட்டைச் சூடாக்குற சுடுதண்ணி ரேடியேட்டர் லேசா கசியுதா? வந்த கேள்விகளுக்கு பதில்

கேள்வி: ரேடியேட்டர் கீழ தரை ஈரமாவே இருக்கு. எந்த நட்டை டைட் பண்ணணும்?

எதையும் பண்ணாதீங்க, ஸ்பேனரை கீழ வைங்க முதல்ல. தண்ணி சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற. மேல வால்வு தண்டுல கசிஞ்சு, பைப் வழியா இறங்கி, கீழ நட்டுல வந்து தொங்கும், நாம பாவம் அந்த நட்டைப் பிடிச்சு முறுக்கிக்கிட்டு இருப்போம். ஹீட்டிங்கை ஆஃப் பண்ணி ஆறவிடுங்க, துணியால எல்லாத்தையும் துடைங்க, அப்புறம் டிஷ்யூ பேப்பரை மேலேர்ந்து ஒவ்வொரு ஜாயின்டா ஒத்திட்டே வாங்க. முதல்ல எங்க நனையுதோ அதுதான் ஆளு. ஆறினப்புறம் மட்டும் கசியுற கேஸும் இருக்கு, உலோகம் சுருங்கும்போதுதான் இடைவெளி விழும், அதனால சூட்டுல பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னு விட்டுடாதீங்க. பச்சையாவோ வெள்ளையாவோ பொருக்கு தட்டியிருந்தா ரொம்ப நாளா நடக்குதுன்னு அர்த்தம்.

கேள்வி: வால்வு மேல இருக்குற பிளாஸ்டிக் மூடியைக் கழட்டினா தண்டைச் சுத்தி ஈரம் சார்.

அங்க சின்னதா ஒரு நட்டு இருக்கும், அதை கால் திருகு டைட் பண்ணுங்க, பாதி பேருக்கு இதுலயே நின்னுடும். நிக்கலைன்னா வால்வை முழுசா மூடிட்டு (எத்தனை சுத்துன்னு எண்ணி எழுதி வைங்க, திரும்ப அதே அளவுதான் திறக்கணும், இல்லன்னா மத்த ரூம் ரேடியேட்டருக்கு சூடு சரியா போகாது), கீழ கிண்ணம் வச்சு அந்த நட்டைக் கழட்டி மேல தள்ளுங்க. டெஃப்லான் டேப்பை நூல் மாதிரி முறுக்கி தண்டுல சுத்தி, சின்ன ஸ்க்ரூட்ரைவரால உள்ள அமுக்கி, நட்டைப் போடுங்க. தண்டு கையால சுலபமா சுத்தணும், சுத்தலைன்னா ஓவர் டைட். தெர்மோஸ்டாட் வால்வுக்கு (ரூம் சூட்டைப் பார்த்து தானா திறந்து மூடுறது) இந்த வைத்தியம் வேண்டாம், அதுல பின் சிஸ்டம், அது வேற கதை.

கேள்வி: வால்வும் பைப்பும் சேர்ற நட்டுல கசிவு.

ரெண்டு ஸ்பேனர். ஒண்ணு வால்வு உடம்பை அசையாம பிடிக்க, இன்னொண்ணு நட்டுக்கு. நான் ஒரு தடவை ஒத்த ஸ்பேனரோட போய் பைப்பையும் சேர்த்து முறுக்கி, மை மாதிரி கறுப்புத் தண்ணி கார்ப்பெட் முழுக்க, அந்தக் கறை கடைசி வரைக்கும் போகவே இல்ல.

கேள்வி: ஜாயின்ட் எல்லாம் காஞ்சிருக்கு, ரேடியேட்டர் உடம்புலயே ஊசி ஓட்டை மாதிரி.

உள்ளேர்ந்து துருப்பிடிச்சு வெளிய வந்திருக்கு. அந்த லீக் சீலர் திரவம் கொஞ்ச நாள் ஓட்டும், அதையும் தண்ணியைச் சூடாக்கி அனுப்புற பாய்லரோட மேனுவல்ல அனுமதி இருக்கான்னு பார்த்துட்டு ஊத்துங்க. ரெண்டு பக்க வால்வையும் மூடிட்டு ரேடியேட்டரை மாத்துறதுதான் நிரந்தர வழி, மாத்தும்போது துருத்தடுப்பு மருந்தையும் சேர்த்துடுங்க.

கேள்வி: கசிவு ரொம்ப கம்மி, வாரம் ஒரு தடவை பாய்லர்ல பிரஷர் ஏத்திக்கிட்டா போதாதா?

போதாது. ஆறின நிலையில பிரஷர் 1 முதல் 1.5 பார் வரைக்கும் இருக்கணும், சரி, ஆனா ஒவ்வொரு தடவையும் நீங்க விடுற புதுத் தண்ணியோட ஆக்சிஜனும் உள்ள போகுது. இன்னிக்கு ஒரு ரேடியேட்டர் கசியுது, நீங்க மத்த எல்லாத்துக்கும் சேர்த்து துரு ஊட்டிக்கிட்டு இருக்கீங்க.