வேளாண்மைப் பட்டத்துடன் கனடாவுக்கு வந்த தங்கைக்கு

வேளாண்மைப் பட்டம் பெற்று, கனடாவுக்கு வந்து நான்கே மாதங்களான நிலையில், பண்ணை மற்றும் உணவுப் பாதுகாப்புப் பரிசோதகராக முடியுமா, அதற்கு முதலில் எதைக் கற்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். முடியும், தங்கை. ஆனால் இங்கே உணவகங்களைப் பார்வையிடுவோர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள். அதற்குத் தனிப் படிப்பும் சான்றிதழ்த் தேர்வும் உண்டு. மாகாண எல்லையையோ நாட்டின் எல்லையையோ கடக்கும் உணவும், விலங்கு நோய்க் கட்டுப்பாடும் 1997இல் தொடங்கப்பட்ட கனடிய உணவு ஆய்வு முகமையின் பொறுப்பு. உங்கள் படிப்புக்கு நெருக்கமானது இதுவே. உங்கள் பட்டம் இங்குள்ள படிப்புக்கு இணையானதா என்ற மதிப்பீட்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் இப்போதே பெற்றுவிடுங்கள். பண்ணை வாசல்வரை பேருந்து போவதில்லை.

கற்க வேண்டியது எது என்றால், கண்டதைக் கண்டபடி எழுதுவது என்பேன். என் முதல் ஆண்டில், ஓர் இறைச்சி ஆலையைப் பற்றி 'இயந்திரம் சுத்தமாக இல்லை' என்று எழுதிய அறிக்கையை மேலதிகாரி திருப்பித் தந்துவிட்டார். அது என் கருத்து மட்டுமே. கத்தியின் பின்புறத்தில் இறைச்சித் துணுக்குகள் காய்ந்து ஒட்டியிருந்ததையும், பார்த்த நேரத்தையும், அதற்கு முன்பே கழுவியாயிற்று என்று பதிவேட்டில் கையொப்பம் இருந்ததையும் எழுதியபோதுதான் அது சான்றானது. உணவு வழியே நோய் பரப்பும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்சாதனப் பெட்டியிலும் வளரும். 2008இல் கனடாவில் அத்தொற்று பரவி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அக்கிருமி இறைச்சி சீவும் இயந்திரங்களின் உட்பகுதியில் தங்கியிருந்ததே காரணமாகக் கருதப்பட்டது. அந்த மரணங்களை நினைக்கும்போதெல்லாம், அன்று நான் எழுதிய மேலோட்டமான வரி எனக்கு இன்றும் வலிக்கிறது. 2019இல் நடைமுறைக்கு வந்த விதிமுறைகளின்படி பெரும்பாலான ஆலைகள் உணவில் வரக்கூடிய ஆபத்துகளைத் தடுக்கும் திட்டத்தைத் தாங்களே எழுதி வைக்க வேண்டும் என்பதால், எழுத்தும் செயலும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுவதே நம் வேலையில் பெரும்பகுதி.

பண்ணைக்குச் செல்லும்போது, நோயைக் கொண்டுசெல்பவர் நாமாகவே இருக்கக்கூடும் என்பதை மறக்காதீர்கள். கோழிக்கொட்டகையின் வாசலில் காலணியை மாற்றுவதும், புதிய மேலங்கி அணிவதும், எங்கிருந்து வருகிறோம் என்பதைப் பார்வையாளர் பதிவேட்டில் எழுதுவதும் சடங்கல்ல. பறவைக் காய்ச்சல் நுழைந்தால் அந்த மந்தை முழுவதும் அழிக்கப்படும். பண்ணையாளர் நம்மைத் தடுத்து நிறுத்தினால் கோபப்பட வேண்டாம், அவர் தம் கடமையைச் செய்கிறார்.

முகமையிலிருந்து வேலைக்கான அழைப்பு வரும்வரை ஏதேனும் உணவு ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில், முடிந்தால் இயந்திரங்களை இரவில் கழுவும் பணிநேரத்தில் (ஷிப்டில்), வேலைக்குச் சேருங்கள். பரிசோதகர் வராத நேரத்தில் ஆலை எப்படி இயங்குகிறது என்பதை அங்கே பார்க்கலாம்.