வெள்ளைப்படுதல், அரிப்பு, மாதவிடாய் கப்: மகளிர் மருத்துவரிடம் கேள்வி பதில்

மாதவிடாய், வெள்ளைப்படுதல், அந்தரங்கச் சுத்தம் பற்றி எதையும் கேட்கலாம். பெயர் வேண்டாம், வயதும் எத்தனை நாளாகத் தொந்தரவு என்பதும் போதும். கருத்தரிப்பு, கர்ப்பகாலக் கேள்விகள் இன்று இல்லை.

தினமும் வெள்ளை படுது டாக்டர். ஜட்டி நனையுது. நோயா? (19 வயது)

அரிப்பு, எரிச்சல், நாற்றம் எதுவும் இல்லையென்றால் நோயில்லை. ஒரு நாளில் வருவது பெரும்பாலும் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. மாதவிடாய் முடிந்த சில நாட்கள் குறைவாக இருக்கும். 28 நாள் சுற்று உள்ளவர்களுக்கு 14ஆம் நாள் வாக்கில் நிறமில்லாமல் நூலாக இழுபடும். பிறகு கெட்டியாகி வெள்ளையாகும். துணியில் காய்ந்தால் லேசான மஞ்சள் தெரியும், அதுவும் இயல்புதான்.

கவனிக்க வேண்டியது மாற்றத்தை. தயிர்த்திப்பி போல வந்து, கடுமையாக அரித்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் கவிச்சி அடித்தால் உள்ளே பாக்டீரியாக்களின் சமநிலை கெட்டிருக்கிறது. மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ், உடலுறவில் பரவும் ஒட்டுண்ணித் தொற்று. அதற்குத் துணைவரும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே மருந்து இல்லை. பூஞ்சைக்கு க்ளோட்ரிமசோல் உதவும், மற்ற இரண்டுக்கும் மெட்ரோனிடசோல். தெரியாமல் ஆன்டிபயாட்டிக் போட்டால் பூஞ்சை இன்னும் கூடும். அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எந்த இன்டிமேட் வாஷ் நல்லது? (22)

எதுவும் வேண்டாம். பிறப்புறுப்பின் உட்பகுதியில் லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலம் சுரந்து பி.எச். என்னும் அமில அளவை 3.8 முதல் 4.5க்குள் வைத்திருக்கிறது. கெட்ட கிருமிகளை அடக்குவது அந்தப் புளிப்புத்தான். உள்ளே சோப்பு, டெட்டால், படிகாரத் தண்ணீர், ஹேண்ட் ஷவர் எது போனாலும் அது கெடும். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். முடி உள்ள தோலில் மட்டும் வாசனையில்லாத சோப்பு கொஞ்சம் போடலாம். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள்.

தொடை இடுக்குல வட்ட வட்டமா அரிப்பு. மெடிக்கல்ல ஒரு க்ரீம் தந்தாங்க. ரெண்டே நாள்ல போச்சு, விட்டதும் திரும்ப வருது. (23)

அந்த ட்யூபைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். உங்களுக்கு இருப்பது படர்தாமரை போலத் தெரிகிறது, அதாவது பூஞ்சை. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. தோலின் எதிர்ப்பைக் குறைப்பதால் பூஞ்சை அதன் மறைவில் பரவும். வட்டத்தின் சிவந்த ஓரம் மறைந்துவிடுவதால் தோல் மருத்துவருக்கே அடையாளம் காண்பது சிரமமாகும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து கோடு கோடாகத் தழும்பு விழும். அந்தக் கோடுகள் முழுதாக மறையாது.

ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சை மருந்து வேண்டும். படையின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை பூச வேண்டும். தோல் தெளிந்த பிறகும் 2 வாரம் தொடர வேண்டும்; பலருக்குத் திரும்ப வருவது அதை விட்டுவிடுவதால்தான். ஏற்கெனவே ஸ்டீராய்டு போட்டிருப்பதால் மாத்திரையும் தேவைப்படலாம், எனவே தோல் மருத்துவரைப் பாருங்கள். துண்டு தனியாக வையுங்கள், உள்ளாடையை வெயிலில் காயப்போடுங்கள். வீட்டில் வேறு யாருக்கும் படை இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து வைத்தியம் பாருங்கள்.

எனக்கும் வெள்ளை படுது, நார்மலா? (20)

முதல் பதிலைப் பாருங்கள்.

நார்மல்னு சுலபமா சொல்லிட்டீங்க மேடம். வெள்ளைபட்டா எலும்பு உருகும்னு எங்க மாமியார் சொல்வாங்க. என் பொண்ணு (20) நாலு மாசமா இளைச்சுக்கிட்டே வர்றா, இடுப்பு வலி வேற.

அம்மா, வெள்ளையில் இருப்பது தண்ணீர், சளி, உதிர்ந்த செல்கள். எலும்பு அதில் கரைந்து வராது. ஆனால் மகள் இளைப்பது உண்மை, அதற்குக் காரணம் தேட வேண்டும். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பாருங்கள். 2 வாரத்துக்கு மேல் இருமலோ மாலைக் காய்ச்சலோ இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனையில் இலவசம்.

குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். எல்லாம் உடம்புச் சூடுதான். வெந்தயமும் மோரும் குடுத்தா நிக்கும். எங்க வீட்ல எல்லாருக்கும் நின்னுச்சு.

வெந்தயமும் மோரும் தாராளமாகக் கொடுங்கள், கெடுதல் இல்லை. இயல்பான வெள்ளை மாதச் சுற்றோடு தானாகவே கூடும், குறையும். குறைகிற சமயத்தில் எதைக் கொடுத்தாலும் அதனால் நின்றது போலத்தான் தோன்றும்.

அப்ப பெரியவங்க சொன்னது எல்லாம் பொய்யா? வெள்ளைபடுற பொண்ணுங்க சோர்ந்துதானே போறாங்க?

சோர்வு பொய்யில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. வெள்ளைப்படுதல் ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும் உண்டு. இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதால் கண்ணில் படுகிற வெள்ளையின் மேல் பழி விழுகிறது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் சோர்வு, மூச்சிரைப்பு வரலாம். இதில் எனக்குக் கோபம் வருவது ஒன்றுக்குத்தான்: வெள்ளையை நிறுத்த ஆறு மாதம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தால், காசநோயோ சர்க்கரையோ அந்த ஆறு மாதமும் வளரும். பெரியவர்கள் பெண்ணின் சோர்வைக் கவனித்தார்களே, அது சரி. சொன்ன காரணம்தான் சரியில்லை.

இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் டீ, காபிக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம்.

மென்ஸ்ட்ருவல் கப் வைக்கத் தெரியல, கசியுது. கன்னித்தன்மை போயிடும்னு அம்மா திட்டுறாங்க. (21)

கப் என்பது மாதவிடாய் ரத்தத்தைப் பிடிக்கப் பிறப்புறுப்புக்குள் வைக்கும் மெத்தென்ற கிண்ணம். கசிந்தால் பெரும்பாலும் அது உள்ளே முழுதாக விரியவில்லை என்று பொருள். கை கழுவி, மடித்து, நேர் மேலே அல்லாமல் முதுகெலும்புப் பக்கம் சாய்த்து வையுங்கள். அடிப்பாகத்தைச் சுற்றி விரலை ஓட்டினால் மடிப்பு தட்டுப்படும். லேசாகத் திருப்பினால் விரியும். எடுக்கும்போது காம்பை மட்டும் இழுக்காதீர்கள், அடியைக் கிள்ளிக் காற்றை விடுவித்தபின் எடுங்கள். 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு மாதமும் தொடங்கும்முன் 5 நிமிடம் கொதிக்க வையுங்கள். காப்பர்-டி போட்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டபின் பயன்படுத்துங்கள்.

கன்னிச்சவ்வு வாயை முழுதாக மூடியிருக்கும் தாள் இல்லை, ஓரத்தில் இருக்கும் நெகிழ்வான மடிப்பு. அதைப் பார்த்து ஒரு பெண்ணைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. கப் பிடிக்கவில்லையென்றால் நாப்கினே போதும், 4 முதல் 6 மணிக்கொருமுறை மாற்றுங்கள்.

அரிப்புக்கு மெடிக்கல்ல கேட்டு ஒரு க்ரீம் வாங்கலாமா? (24)

கூடாது. மேலே 23 வயதுப் பெண்ணுக்குச் சொன்னதைப் படியுங்கள். எதற்கு அரிக்கிறது என்று தெரியும் முன் எந்த ட்யூபும் வேண்டாம்.

கோயில் திருவிழாவுக்காக பீரியட்ஸ் தள்ளிப்போட மாத்திரை? (25)

நோரெதிஸ்டிரோன். மாதவிடாய் வர வேண்டிய தேதிக்கு வழக்கமாக 3 நாள் முன்பே தொடங்குவார்கள். நிறுத்தி 2, 3 நாளில் மாதவிடாய் வரும். ரத்தம் உறைந்த வரலாறோ கல்லீரல் கோளாறோ இருந்தால் ஆபத்து. ஒற்றைத் தலைவலி இருந்தாலும் முதலில் சொல்லிவிடுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம்.

ஒரு மாசம் தள்ளிப்போச்சு, கர்ப்பமா இருக்குமா? (26)

சிறுநீர்ப் பரிசோதனை அட்டை வாங்கிப் பாருங்கள். மற்றது வேறொரு நாள்.

டாக்டர்கிட்ட போனா உள்ள கைவிட்டுப் பாப்பாங்களோன்னு பயம். கல்யாணம் ஆகல. (20)

உங்கள் சம்மதமில்லாமல் யாரும் பார்க்கக் கூடாது. “வேண்டாம்” என்று சொல்லலாம், அம்மாவோ நர்ஸோ பக்கத்தில் இருக்கட்டும் என்று கேட்கலாம். உடலுறவு கொள்ளாதவர்களுக்குப் பெரும்பாலும் அறிகுறி கேட்டு, வெளியே பார்த்து, வயிற்றின் மேல் ஸ்கேன் எடுப்பதோடு முடிந்துவிடும். ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பு நாலைந்து டம்ளர் தண்ணீர் குடியுங்கள், சிறுநீர் கழிக்காமல் போங்கள். கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியைக் குறித்துக்கொண்டு போங்கள். உள்ளே நுழைந்ததும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.