தவுக்கே நீட்டும் லாரிச் சாவி

தம்பி, நீ எழுதியது நீளம். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊரில் டாரஸ் ஓட்டியிருக்கிறாய், ஹெவி லைசென்ஸ் கையில் இருக்கிறது. செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்ட பெர்மிட்டில் மலேசியாவுக்கு, பேராக் மாநிலத்து லங்காப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறாய். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினால் சம்பளத்துக்கு மேலே 800 வெள்ளி (ரிங்கிட்) தருவதாகத் தவுக்கே, அதாவது முதலாளி, சொல்கிறார். சம்மன் (போக்குவரத்து அபராதச் சீட்டு) வந்தால் கம்பெனி கட்டிக்கொள்ளுமாம். ஓட்டலாமா என்று கேட்கிறாய். கூடவே சிம் கார்டு, ரூம் வாடகை, ஊருக்குப் பணம் அனுப்புவது பற்றியும் கேட்டிருக்கிறாய்.

ஓட்டாதே. உன் ஹெவி லைசென்ஸைப் பெட்டிக்கு அடியில் வை, ஊருக்குத் திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். இங்கே சரக்கு லாரி ஓட்ட ஜிடிஎல் என்ற தனி லைசென்ஸ் வேண்டும். அது நீல ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கும் குடிமகனுக்கும் சிவப்பு ஐசி வைத்திருக்கும் நிரந்தரவாசிக்கும்தான். வெளிநாட்டுக்காரன் வணிக வாகனம் ஓட்டுகிறானா என்று பிடிப்பதற்கென்றே ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்துத் துறை தனி வேட்டை நடத்துகிறது, அதற்கு ஓப் பேவா என்று பேர். தோட்டத்துக்கென்று வாங்கிய பாஸில் லாரி ஓட்டிச் சிக்கினால் ஜேபிஜேயோடு முடியாது, இமிகிரேசனும் வரும். பிறகு தடுப்பு முகாம், ஊருக்கு டிக்கெட், திரும்ப நுழைய முடியாதபடி பெயரில் ஒரு தடை. லைசென்ஸ் இல்லாதவனை ஓட்டவிட்ட முதலாளிமேலும் குற்றம் உண்டுதான். ஆனால் லோக்கப்பில் இரவு படுப்பது நீதான்.

நீ சாதாரணமாக எழுதிவிட்ட 'சம்மன் வந்தால் கம்பெனி கட்டிக்கொள்ளும்' என்ற வரிக்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வார்த்தையை நான் காது புளிக்கக் கேட்டிருக்கிறேன்.

சாலையில் நிறுத்திப் பிடித்தால் சம்மன் அப்போதே ஓட்டுநர் பெயரில் விழுந்துவிடும். கேமரா பிடித்தால் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குக் கடிதம் போகும். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115வது பிரிவுப்படி, அந்த நேரத்தில் ஓட்டியது யார் என்று கேட்டால் வண்டிக்காரர் சொல்லியாக வேண்டும். கம்பெனி ஒரு பெயரை எழுதிக் கொடுக்கும். அதற்குப் பிறகு பணம் யார் பையிலிருந்து போனாலும் கெஜாரா புள்ளி, அதாவது ஓட்டுநரின் குற்றப் புள்ளி, அந்தப் பெயரில்தான் ஏறும். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 4 புள்ளி. புள்ளி சேரச் சேர முதலில் எச்சரிக்கைக் கடிதம், பிறகு லைசென்ஸ் முடக்கம். ஐந்து வருடத்துக்குள் மூன்று தடவை முடக்கினால் லைசென்ஸே ரத்து. மாமியார் வைத்திருக்கும் கணக்கு மாதிரி, எதுவும் மறக்காது.

இதில் ஒரு கூத்து உண்டு. சம்மனைக் கட்டினால்தான், அல்லது கோர்ட்டில் குற்றம் உறுதியானால்தான் புள்ளி ஏறும். அதனால் கட்டாமல் வைத்திருப்பவன் கெட்டிக்காரன் என்று இங்கே ஒரு கூட்டமே நம்பிக்கொண்டிருந்தது. வருடா வருடம் ஐம்பது சதவீதக் கழிவு அறிவிப்பார்கள், அதுவரை பொறு என்பார்கள். எனக்கு இந்தக் கழிவு வியாபாரத்தைக் கண்டாலே எரியும். ஒழுங்காக உடனே போய்க் கட்டியவன் ஏமாளி, மூன்று வருடம் இழுத்தடித்தவனுக்குத் தள்ளுபடி. 2026 ஜனவரி முதல் மாற்றியிருக்கிறார்கள். 15 நாளுக்குள் கட்டினால் பாதி, 30 நாளுக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு குறைவு, 60 நாள் தாண்டினால் கோர்ட். இதைப் பத்து வருடம் முன்னால் செய்திருக்க வேண்டும். கட்டாதவன் பெயர் கறுப்புப் பட்டியலுக்குப் போகும், லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது. கார்க்காரன் எப்படியோ சமாளிப்பான். லாரிக்காரனுக்கு லைசென்ஸ் நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

சிவப்பு ஐசி கிடைத்த பிறகு நான் ஓட்டிய ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். வேகக் கேமரா கடிதம் வந்தால், யார் வாய் பேசமாட்டானோ அவன் பெயரை எழுதி அனுப்பிவிடுவார். ஊரிலிருந்து வந்தவன், மலாய் அரைகுறை, எனவே என் பெயர். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோதுதான், நான் தொட்டே பார்க்காத லாரிக்கு என் பெயரில் சம்மன் நிற்பது தெரிந்தது. நான் சும்மா வரவில்லை. செம்பனை ஆலையில் குலை எடை போட்டால் ஒரு சீட்டு தருவார்கள், அதில் லாரி எண்ணும் உள்ளே போன மணியும் வெளியே வந்த மணியும் இருக்கும். என் சீட்டுகளையெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். அந்த மணிக்கு என் வண்டி ஆலைக்குள் வரிசையில் நின்றது. கம்பெனி மேஜையில் அதை வைத்து, மலாயிலேயே பேசி, பெயரை மாற்றிக் கொடுக்க வைத்தேன். அந்த மலாய் ஆலை வாசலில் காத்துக்கிடந்தபோது பழகியது. நம் ஆட்கள் பலர் பத்து வருடம் இருந்தும் 'போலே' (முடியும்), 'தக் போலே'யை (முடியாது) தாண்டமாட்டார்கள்.

இப்போது யோசி. இங்கே பிறந்த ஓட்டுநருக்குப் பெயர் இருக்கிறது, அந்தப் பெயரில் பதிவும் இருக்கிறது. பெரிய கம்பெனிக்காரர்கள் வேலை கேட்டு வருபவனிடம் மைஜேபிஜே செயலியைத் திறந்து புள்ளியைக் காட்டச் சொல்கிறார்கள். பதிவு கெட்டவன் சின்னத் தவுக்கேயிடம் வருவான், சம்பளம் பேசுவான், மொட்டை டயர் என்றால் சண்டையும் போடுவான். உனக்குப் பதிவும் கிடையாது, புள்ளி ஏற லைசென்ஸும் கிடையாது. கேமரா கடிதத்துக்குத் தவுக்கே வேறு யார் பெயரையாவது எழுதிக்கொள்வார். பெரிதாக ஏதாவது நடந்தால், அவன் என் தோட்டத்துக் கூலி, எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்தான் என்பார். உனக்கு அந்த 800 வெள்ளி ஏன் வருகிறது என்று புரிகிறதா?

பெரிதாக என்ன நடக்கும் என்று கேட்பாய். 2025 மே 13, நம் லங்காப்பிலிருந்து கூப்பிடு தூரம், சிக்குஸ் சாலை. தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழாப் பாதுகாப்பு முடித்துவிட்டு ஈப்போ திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீஸ் வண்டியில் கல் லாரி மோதி 9 பேர் போனார்கள். முந்தின இரவு நாங்கள் தேர் பார்க்க நின்றபோது கூட்டத்தை ஒழுங்குபடுத்தியவர்கள் அவர்கள். விசாரணையில் லாரியின் ஸ்டீயரிங் பழுது என்றும், அளவுக்கு மேல் பாரம் என்றும் வந்தது. அடுத்த மாதமே கெரிக் பக்கம் பேருந்து கவிழ்ந்து 15 பல்கலைக்கழகப் பிள்ளைகள். அந்த ஓட்டுநர் பெயரில் 18 சம்மன் இருந்ததாகப் போலீஸ் சொன்னது. அத்தனை சம்மனோடு எப்படி ஓட்டவிட்டார்கள் என்று நாடே கேட்டது. அதிலிருந்து கெடுபிடி வேறு மாதிரி. அக்டோபர் 2025 முதல் கட்டம் கட்டமாக வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, கம்பெனிகளுக்குத் தணிக்கை. ஆபத்தாக ஓட்டி உயிர் போனால் 41வது பிரிவில் 5 முதல் 10 வருடம் சிறை, குறைந்தது 20,000 வெள்ளி அபராதம். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான் என்றால் இன்சூரன்ஸ்காரன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

தோட்டத்துக்குள் டிராக்டர் ஓட்டச் சொன்னால் அது வேறு பேச்சு. வாசலைத் தாண்டி டார் ரோட்டில் சக்கரம் வைக்காதே.

நான் வந்த காலத்தில் சுபாங் விமான நிலையம்தான். ஏஜென்ட் சூப்பர்வைசர் வேலை என்றான். மறுநாள் கையில் கொடுத்தது இரும்புக் கம்பி, 20 கிலோ 25 கிலோ குலையைக் குத்தி லாரியில் எறிய. முள் கிழித்த கையோடு சோறு பிசைய முடியாது, கரண்டியில்தான் தின்பேன். பிறகு ஒரு லாரிக்குக் கெலிண்டானாக, நம் ஊர் கிளீனர் மாதிரி, போனேன். ஓட்டுநர் இங்கேயே பிறந்தவர், பெரியண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். காலையில் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் சுத்தியலால் தட்டிக் கேட்பார். சத்தம் சரியில்லை என்றால் சாவியை மேஜையில் வைத்துவிட்டு ஒட்டுக்கடையில் போய்த் தேத்தண்ணி குடிப்பார், தவுக்கே கத்துவார், இவர் காதில் வாங்கமாட்டார். சம்மன் ரசீதெல்லாம் ஒரு மைலோ டின்னில் இருக்கும். ரொம்பக் கொஞ்சம்தான். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அவரை வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. இங்கே கல்யாணம் கட்டி, சிவப்பு ஐசி கிடைத்த பிறகு நான் ஜிடிஎல் எடுத்ததும் அவர் பேச்சைக் கேட்டுத்தான்.

இப்போது வரும் பையன்களில் சிலர் லாரி முன்னால் கூலிங்கிளாஸ் போட்டு நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். அதைப் பார்த்துத்தான் உனக்கும் ஆசை வந்திருக்கும். அந்தப் போட்டோக்காரர்களில் எத்தனை பேர் இப்போதும் இங்கே இருக்கிறார்கள் என்று விசாரி.

உன் தம்பியும் வருவதாக எழுதியிருக்கிறாய். ஏஜென்ட் பெயர் இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கச் சொல். சிம், வாடகை, பணம் அனுப்புவதெல்லாம் டவுனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதற்கு நான் வேண்டியதில்லை.

ஒன்று நீ எழுதவில்லை. உன் பாஸ்போர்ட் உன்னிடம் இருக்கிறதா, தவுக்கே அலமாரியில் இருக்கிறதா? அவரிடம் இருந்தால் அதுவே 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். லாரி ஓட்டமாட்டேன் என்று சொல்வதற்கு முன்னால் அதைக் கைக்கு வாங்கு. எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே எழுது, மேற்கொண்டு என்ன செய்வது என்று சொல்கிறேன்.